பேலோட் ஸ்டிக்கருக்குள் அடங்கி ட்ரெய்லர் இழுப்பது: அரை டன் பிக்கப் வைத்திருப்போருக்கு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் அரை டன் பிக்கப் என்று அழைக்கப்படும் வண்டிகள் (ஃபோர்டு எஃப்-150, ராம் 1500, செவர்லே சில்வராடோ 1500, டொயோட்டா டுன்ட்ரா) பலவற்றின் விளம்பரத்தில் பத்தாயிரம், பதினோராயிரம் பவுண்டு இழுக்கும் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதே வண்டியின் ஓட்டுநர் கதவைத் திறந்து பார்த்தால் சின்ன ஸ்டிக்கரில் வேறொரு எண் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து ஏறத்தாழ 1,500 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அது சொல்லும். குடும்பத்தோடு டிராவல் ட்ரெய்லர் (உள்ளே தங்கக்கூடிய வீட்டு வண்டி) இழுப்பவர்களுக்கு முதலில் தீர்ந்துபோவது இந்த இரண்டாவது எண்தான். எஞ்சினுக்கு இன்னும் தெம்பு இருக்கும், பின் அச்சுக்கு இருக்காது.

அப்போது கடைக்காரர் காற்றுப்பை மாட்டச் சொல்வார், நண்பர் கனமான டயர் போடச் சொல்வார். இரண்டும் நல்ல பொருள்கள்தான். ஆனால் எதை மாட்டினாலும் கதவு ஸ்டிக்கரின் எண் ஒரு பவுண்டு கூட ஏறாது. மாட்டிய பொருளின் எடை அந்த எண்ணிலிருந்து கழியவும் செய்யும். அதனால் கணக்கை முடித்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும்.

முதலில் படிக்க வேண்டிய ஸ்டிக்கர்கள்

ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் இரண்டு ஸ்டிக்கர்கள் இருக்கும். மஞ்சள் பட்டை போட்டது டயர் மற்றும் சுமைத் தகவல். அதில் உள்ள பேலோட் எண், அதாவது வண்டி சுமக்கக்கூடிய ஆட்கள், சாமானின் எடை, உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு வண்டிக்கானது. அதே மாடலில் சன்ரூஃப், பெரிய சக்கரம், மின்சார சீட்டு என்று வசதி கூடக் கூட எண் குறையும். அடிப்படை மாடலுக்கும் உச்ச மாடலுக்கும் நானூறு ஐந்நூறு பவுண்டு வித்தியாசம் வருவது சாதாரணம். இணையத்தில் கிடைக்கும் எண்ணையோ விற்பனையாளர் வாயால் சொல்லும் எண்ணையோ நம்பாமல், வாங்குவதற்கு முன்பே அந்தக் கதவைத் திறந்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஸ்டிக்கரில் ஜி.வி.டபிள்யூ.ஆர் என்ற மொத்த எடை வரம்பும், ஜி.ஏ.டபிள்யூ.ஆர் என்ற அச்சு வரம்பு முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாகவும் இருக்கும். பலர் முதல் எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். ட்ரெய்லர் இழுக்கும்போது பெரும்பாலும் முதலில் மீறப்படுவது பின் அச்சு வரம்புதான். காரணம் சற்றுக் கீழே வரும்.

மூன்றாவதாக, வண்டிக்கு அடியில் குனிந்து ஹிட்ச் ரிசீவரில் (ட்ரெய்லர் இணைப்பைச் செருகும் சதுரக் குழலில்) ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். எடை பகிரும் ஹிட்ச் (கொக்கி மேல் விழும் எடையில் ஒரு பகுதியைக் கம்பிகளால் முன் அச்சுக்கும் ட்ரெய்லர் அச்சுகளுக்கும் தள்ளும் இணைப்பு) இல்லாமல் இழுத்தால் 5,000 பவுண்டு, கொக்கி மேல் 500. பகிரும் ஹிட்சோடு 12,000, கொக்கி மேல் 1,200. இந்த மாதிரி இரண்டு வரிகள் இருக்கும். வண்டிக்கு வண்டி எண் மாறும். உங்கள் ட்ரெய்லர் சிறிய வரியைத் தாண்டினால் எடை பகிரும் ஹிட்ச் இல்லாமல் வீட்டை விட்டே கிளம்பக் கூடாது.

விளம்பர எண் எங்கிருந்து வந்தது என்றும் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் இப்போது எஸ்.ஏ.இ ஜே2807 என்ற சோதனை முறையைப் பின்பற்றுகிறார்கள். அரிசோனாவின் டேவிஸ் டேம் ஏற்றத்தில், சுமார் 11 மைல், கோடை வெயிலில் ஏசி முழு வேகத்தில் ஓட, மணிக்கு 40 மைலுக்குக் கீழே போகாமல் ஏற வேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் வண்டிக்குள் தலா 150 பவுண்டில் இரண்டு பேர் மட்டும் இருப்பதாக அந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. பின் சீட்டில் பிள்ளைகள் இல்லை, பெட்டில் (பின்னால் உள்ள திறந்த சரக்குத் தொட்டியில்) சாமான் இல்லை, கொக்கி மேல் ட்ரெய்லர் எடையில் பத்து சதவீதம்தான். நிஜக் குடும்பப் பயணம் இப்படி இருக்காது.

மேசையில் போடும் கணக்கு

ஒரு மாதிரி வண்டியை வைத்துக்கொள்வோம். மொத்த எடை வரம்பு 7,000 பவுண்டு, பின் அச்சு வரம்பு 3,800, மஞ்சள் ஸ்டிக்கரில் 1,512. ஆலையிலிருந்து வந்த டேங்க் நிறைய எரிபொருள் ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கிறது, அதைத் திரும்பக் கழிக்க வேண்டாம்.

பெரியவர்கள் இருவர் 190, 150, பிள்ளைகள் 80, 60, ஆக 480. பெட் மேல் மூடி 70. பெட்டில் ஐஸ் பெட்டி, நாற்காலி, கருவிகள் 130. எடை பகிரும் ஹிட்ச் 95, இதை மறப்பவர்கள்தான் அதிகம். கூட்டினால் 775. மிச்சம் 737 பவுண்டு.

இந்த 737 தான் ட்ரெய்லரின் டங் வெயிட்டுக்கு, அதாவது கொக்கிப் பந்தின் மேல் ட்ரெய்லர் அமுக்கும் எடைக்கு, உங்களிடம் உள்ள இடம். டிராவல் ட்ரெய்லருக்கு இது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். திட்டமிட 13 என்று வைத்துக்கொள்ளுங்கள். 737 ஐ 0.13 ஆல் வகுத்தால் சுமார் 5,670 பவுண்டு. பதினோராயிரம் இழுக்கும் என்ற வண்டி, குடும்பம் ஏறிய பிறகு, நிஜத்தில் இழுக்கக்கூடியது ஐயாயிரத்து எழுநூறு.

இடம் போதவில்லை என்று டங் வெயிட்டை எட்டு சதவீதத்துக்குக் குறைக்க நினைப்பவர்கள் உண்டு. அதைவிட ஆபத்தான யோசனை வேறில்லை. முன்பக்கம் இலேசான ட்ரெய்லர் நெடுஞ்சாலை வேகத்தில் வால் ஆட்ட ஆரம்பிக்கும்; ஒரு கட்டத்துக்கு மேல் அந்த ஆட்டம் தானாக அடங்காது, பிக்கப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

ட்ரெய்லர் பிரசுரத்தில் போட்டிருக்கும் ‘டிரை வெயிட்’டையும் அதற்கான டங் வெயிட்டையும் கணக்கில் சேர்க்காதீர்கள். பேட்டரி, கேஸ், தண்ணீர் எதுவும் இல்லாத எடை அது. பேட்டரியும் கேஸ் சிலிண்டர்களும் பெரும்பாலும் ட்ரெய்லரின் மூக்கிலேயே, கொக்கிக்கு நெருக்கத்தில், உட்கார்ந்திருக்கும். 20 பவுண்டு சிலிண்டர் நிரம்பினால் சுமார் 37 பவுண்டு, 30 பவுண்டு சிலிண்டர் சுமார் 55. பெரிய சிலிண்டர் இரண்டும் ஈய பேட்டரி இரண்டும் சேர்ந்தால் இருநூறு பவுண்டைத் தாண்டிவிடும். அதற்குமேல் சட்டி பானை, படுக்கை, துணி, அரிசி பருப்பு எல்லாம் ஆயிரம் பவுண்டை எளிதில் தொடும். கணக்குப் போட ட்ரெய்லரின் சொந்த மொத்த எடை வரம்பை எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

எடைமேடையில் மூன்று முறை

மேசைக் கணக்கு யூகம்தான். அமெரிக்க நெடுஞ்சாலை ஓர லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற நிறுவனத்தின் எடைமேடைகள் உண்டு. மேடை தனித்தனித் தட்டுகளாக இருப்பதால் முன் அச்சு, பின் அச்சு, ட்ரெய்லர் அச்சுகள் மூன்றும் தனித்தனியாகச் சீட்டில் வரும். செலவு அதிகம் இல்லை, மறு எடைக்கு இன்னும் குறைவு. பயணத்துக்குக் கிளம்புகிற அதே நிலையில், ஆட்கள் உட்கார்ந்தபடி, டேங்க் நிறைய எரிபொருளோடு போங்கள்.

முதல் எடை: ட்ரெய்லர் மாட்டி, எடை பகிரும் கம்பிகளை இறுக்கிய நிலையில். இரண்டாவது: ட்ரெய்லர் மாட்டியபடியே, கம்பிகளைக் கழற்றி. மூன்றாவது: ட்ரெய்லரை ஓரமாக நிறுத்திவிட்டு பிக்கப் மட்டும், ஹிட்ச் தலை ரிசீவரிலேயே இருக்க.

நம் மாதிரி வண்டி 5,800 பவுண்டு ட்ரெய்லரோடு போனால் சீட்டுகள் ஏறத்தாழ இப்படி வரும்:

பிக்கப் மட்டும்: முன் 3,360, பின் 2,900, கூட்டு 6,260.
கம்பி இல்லாமல்: முன் 3,040, பின் 3,940, ட்ரெய்லர் அச்சுகள் 5,080.
கம்பி இறுக்கி: முன் 3,200, பின் 3,660, ட்ரெய்லர் அச்சுகள் 5,200.

இரண்டாவது சீட்டில் பிக்கப்பின் இரண்டு அச்சும் சேர்ந்து 6,980. அதிலிருந்து 6,260 போனால் 720. இதுதான் உண்மையான டங் வெயிட். ட்ரெய்லர் எடை 5,800 என்பதால் 12.4 சதவீதம், நல்ல அளவு. மொத்தமும் 7,000 க்குள்தான் இருக்கிறது. ஆனால் பின் அச்சைப் பாருங்கள்: 3,940. வரம்பு 3,800.

720 பவுண்டு ஏற்றியதற்குப் பின் அச்சில் 1,040 ஏறியது எப்படி? கொக்கிப் பந்து பின் அச்சுக்கு மேலே இல்லை, அதற்குப் பின்னால் சுமார் 65 அங்குலம் தள்ளி நிற்கிறது. சீசா பலகை மாதிரி, பின்னால் அமுக்கினால் முன் சக்கரம் இலேசாகும். வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம்) 145 அங்குலம் என்றால் 65 ஐ 145 ஆல் வகுத்த அளவு, அதாவது டங் வெயிட்டில் சுமார் 45 சதவீதம், முன் அச்சிலிருந்து கழன்று பின் அச்சுக்குப் போகும். இங்கே அது 320 பவுண்டு. ஸ்டியரிங்கும் பிரேக் பலத்தின் பெரும்பகுதியும் முன் சக்கரத்தில் இருக்கின்றன. அங்கேதான் எடை குறைந்திருக்கிறது.

மூன்றாவது வரியில் கம்பிகள் அதைச் சரிசெய்திருக்கின்றன. முன் அச்சு இழந்த 320 இல் 160 திரும்பி வந்தது, ட்ரெய்லர் அச்சுகளுக்கு 120 போனது, பின் அச்சு 280 இறங்கி 3,660 ஆனது. எல்லாம் வரம்புக்குள். மாட்டுகிற பொருள்களில் பிக்கப்பின் சுமையை நிஜமாகவே வேறிடத்துக்கு நகர்த்துவது இது ஒன்றுதான்.

எடை பகிரும் ஹிட்சைச் சரியாகப் பொருத்துவது

கம்பியின் தாங்கு அளவை, டங் வெயிட்டோடு பின் அச்சுக்குப் பின்னால் பெட்டில் வைக்கும் சாமானையும் கூட்டித் தேர்ந்தெடுங்கள். நம் வண்டியில் அச்சுக்குப் பின்னால் வரும் சாமான் 80 பவுண்டுக்குள் என்றால் 800 பவுண்டுக் கம்பி. பாதுகாப்புக்கு என்று 1,200 வாங்கினால் கம்பி வளையாது. ஒவ்வொரு குழியிலும் அதிர்ச்சி நேராக ட்ரெய்லர் சட்டத்துக்கும் ரிசீவருக்கும் போகும்.

1. சமதளத்தில், பயணச் சுமையோடு, ட்ரெய்லர் இல்லாமல் பிக்கப்பை நிறுத்துங்கள். முன் சக்கரத்தின் நடுவுக்கு நேர் மேலே, தரையிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து குறியுங்கள். 38 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம்.

2. ட்ரெய்லரை ஜாக்கியால் நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து அதன் மூக்கின் உயரத்தை அளந்து, பந்தின் உச்சியை அதைவிட அரை முதல் ஒரு அங்குலம் மேலே வையுங்கள். மாட்டியதும் பிக்கப் தாழும்.

3. கம்பி இல்லாமல் மாட்டி, ஜாக்கியை முழுதாக எடுத்துவிட்டு மறுபடி அளங்கள். 39 என்று ஏறியிருக்கும்.

4. கம்பிகளை மாட்டி இறுக்கி மூன்றாவது முறை அளங்கள். ஏறிய ஒரு அங்குலத்தில் பாதி இறங்கி 38½ இல் நிற்க வேண்டும். எத்தனை பங்கு திரும்ப வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், உங்கள் வண்டியின் கையேட்டில் எழுதியிருக்கும். பல வண்டிகளுக்குப் பாதி.

5. போதவில்லை என்றால் சங்கிலியில் ஒரு கண்ணியோ தாங்கியில் ஒரு துளையோ மாற்றிப் பாருங்கள். அதுவும் எட்டாவிட்டால் ஹிட்ச் தலையின் சாய்வை வாஷர் சேர்த்துக் கூட்டுங்கள்.

6. ட்ரெய்லரின் முன்னும் பின்னும் தரையிலிருந்து உயரத்தை ஒப்பிடுங்கள். சமமாகவோ மூக்கு சற்றே தாழ்ந்தோ இருக்கலாம். மூக்கு தூக்கி நின்றால் பந்தை இறக்குங்கள். அந்த நிலையில் ஓட்டினால் வால் ஆடும்.

பாதி போதும் என்றால் முழுதையும் மீட்பது இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். அது தவறு. கம்பியை அளவுக்கு மேல் இறுக்கினால் பின் அச்சின் பிடி குறைந்து, வளைவில் பிக்கப்பின் பின்பகுதி வெளியே சறுக்கப் பார்க்கும். சமதளத்தில் சரியாக இருந்த இறுக்கம், பெட்ரோல் பங்கு வாசல் போல மேடு பள்ளமான இடத்தில் பல மடங்காகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பந்தின் நட்டைக் கை பலத்தில் இறுக்கிவிட்டு ஓட்டுவது பலர் செய்யும் தப்பு. 1¼ அங்குலத் தண்டுள்ள பந்துக்குப் பொதுவாக 450 அடி-பவுண்டு வரை இறுக்கம் தேவை. வீட்டில் இருக்கும் டார்க் ரெஞ்சு அந்த அளவுக்கு எட்டாது. டயர் கடையிலோ லாரி பட்டறையிலோ செய்துகொள்ளுங்கள்.

காற்றுப்பை: பார்வைக்குச் சரி, கணக்குக்கு இல்லை

பின் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டும் ரப்பர் காற்றுப்பைகளின் பெட்டியில் ‘5,000 பவுண்டு’ என்று அச்சிட்டிருக்கும். அது பையின் தாங்கு திறன். வண்டியின் எடை வரம்பை மீறக் கூடாது என்ற எச்சரிக்கை அதே பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தில் இருக்கும். அச்சுக்குழல், வீல் பேரிங், சக்கரம், பிரேக், சட்டம் இவற்றில் எதுவும் பையினால் பலப்படுவதில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பையில் காற்றடித்தால் தாழ்ந்த பின்பகுதி எழும்பும், வண்டி நேராக நிற்கும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நம் எடைமேடைச் சீட்டில் முன் அச்சு 3,040 என்று இருந்தது ஏறத்தாழ அப்படியேதான் இருக்கும். முன் ஃபெண்டர் உயரம் மட்டும் இறங்கி, எடை திரும்பிவிட்டது போன்ற பொய்த் தோற்றம் தரும். ஹிட்சுக்குப் பதிலாகக் காற்றுப்பை வாங்கியவர்கள் ஏமாறுவது இங்கேதான். நேராக நிற்பது வேறு, எடை பகிர்ந்திருப்பது வேறு.

பையும் ஹிட்சும் சேர்த்துப் பயன்படுத்தினால் வரிசை முக்கியம். சாமான் ஏற்றியதும், ட்ரெய்லர் மாட்டுவதற்கு முன், சாமானால் தாழ்ந்த அளவு மட்டும் எழும்பும்படி காற்றடியுங்கள். பிறகு ஹிட்சைப் பொருத்துங்கள். கம்பிகள் இறுக்கிய பிறகு காற்றைக் கூட்டினால் கம்பியின் வேலையைப் பை பிடுங்கிக்கொள்ளும். சுமை இல்லாத நாளிலும் தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்சக் காற்று, பெரும்பாலும் 5 பி.எஸ்.ஐ, பையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மடிப்பில் நசுங்கிக் கிழியும். இரண்டு பக்கப் பைகளையும் ஒரே டியூபால் இணைப்பதைத் தவிருங்கள். வளைவில் ஒரு பக்கக் காற்று மறுபக்கம் ஓடி வண்டி கூடுதலாகச் சாயும்.

கூடுதல் ஸ்பிரிங் பட்டை, ரப்பர் முட்டு, ஹெல்பர் ஸ்பிரிங் எல்லாவற்றுக்கும் இதே தீர்ப்புதான். இவற்றைவிடப் பின்பக்க ஸ்டெபிலைசர் பார் மேல் எங்களுக்கு மதிப்பு அதிகம். எடையைத் தூக்காது, ஆனால் பக்கக் காற்றில் வண்டி சாய்வதைக் குறைக்கும்.

டயர்

வசதி கூடிய மாடல்களில் ஆலையிலிருந்து வருவது பெரும்பாலும் கார் வகை டயர். 275/65ஆர்18 அளவில் சுமைக் குறியீடு 116 என்றால் ஒரு டயர் 2,756 பவுண்டு தாங்கும். பிக்கப்பில் மாட்டும்போது அந்த எண்ணை 1.1 ஆல் வகுக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி, அதாவது சுமார் 2,505. அதே அளவில் இ சுமை வகை எல்.டி (இலகு லாரி) டயர், குறியீடு 123, 80 பி.எஸ்.ஐ காற்றில் 3,417 தாங்கும். பக்கச்சுவர் விறைப்பாக இருப்பதால் ட்ரெய்லரின் தள்ளலுக்கு வண்டி நெளியாது; ஓட்டும்போதே வித்தியாசம் தெரியும்.

மாட்டிய பிறகு நடக்கும் தவறு காற்று அளவில். கதவில் போட்டிருக்கும் 35 பி.எஸ்.ஐ ஆலை டயருக்கானது. எல்.டி டயர் அதே சுமையைத் தாங்க அதைவிடக் கூடுதல் காற்று வேண்டும். டயர் நிறுவனத்தின் சுமை-காற்று அட்டவணையை எடுத்து, எடைமேடைச் சீட்டில் வந்த அச்சு எடையைப் பாதியாக்கி, அதற்கு எதிரே உள்ள காற்று அளவை விடச் சற்றுக் கூடுதலாக வையுங்கள். பழைய 35 இலேயே ஓட்டினால் கனமான டயர் சூடாகி உரியும். சுமை இல்லாமல் 80 வைத்து ஓட்டினாலும் தொல்லை: பின்பக்கம் குதிக்கும், ஈரத்தில் பிடி போகும். ஒரு டயருக்கு பத்துப் பதினைந்து பவுண்டு கூடுதல் எடை வரும், அதையும் பேலோடில் கழியுங்கள்.

பெரிய டயர் மாட்ட ஆசைப்படுபவர்களுக்கு: 33 அங்குலத்திலிருந்து 35 க்குப் போனால் பின் அச்சின் 3.55 கியர் விகிதம் நடைமுறையில் சுமார் 3.35 ஆகிவிடும். ஏற்றத்தில் கியர்பெட்டி திணறும், பிரேக்கும் மந்தமாகும். வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட்டோடு சேர்ந்தால் ஹிட்ச் தலையை இன்னும் கீழே இறக்க நீளமான, கனமான தண்டு வேறு வேண்டும். ட்ரெய்லர் இழுக்கும் வண்டியில் இந்த இரண்டும் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

ட்ரெய்லரின் டயரை மறந்துவிடாதீர்கள். ட்ரெய்லருக்கென்றே வரும் எஸ்.டி வகை டயர்களின் வேகக் குறியீட்டைப் படியுங்கள்: ஜே என்றால் மணிக்கு 62 மைல், எல் என்றால் 75. பூ தேய்ந்திருக்காவிட்டாலும் ஐந்தாறு வருடத்தில் மாற்றுங்கள். நின்றபடி வெயிலில் காய்ந்தே கெடும். சக்கர நட்டுகளை, சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு 10, 25, 50 மைலில் மறுபடி இறுக்க வேண்டும்.

பிரேக்

பிக்கப்பின் பிரேக் அதன் மொத்த எடை வரம்பை நிறுத்தத்தான். ட்ரெய்லர் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ள வேண்டும். கலிஃபோர்னியாவில் டிராவல் ட்ரெய்லர் 1,500 பவுண்டை எட்டினாலே, டெக்ஸஸில் 4,500 க்கு மேல், பல மாநிலங்களில் 3,000 க்கு மேல் ட்ரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். மாநில எல்லை தாண்டுவீர்கள் என்றால் கடுமையான விதியையே பின்பற்றுங்கள். கலிஃபோர்னியாவில் ட்ரெய்லர் இழுக்கும் எந்த வண்டிக்கும் 55 மைல்தான் உச்ச வேகம் என்பதும் நினைவிருக்கட்டும்.

வண்டியோடு பிரேக் கண்ட்ரோலர் வரவில்லை என்றால், மிதிக்கும் அளவுக்கு ஏற்ப மின்சாரம் அனுப்பும் வகையை வாங்குங்கள். நேரக் கணக்கில் அனுப்பும் மலிவு வகை இந்த எடைக்குப் போதாது. காலியான, உலர்ந்த, சமமான சாலையில் மணிக்கு 25 மைலில் போய் கண்ட்ரோலரின் கைப்பிடியை மட்டும் அழுத்துங்கள். ட்ரெய்லர் சக்கரம் பூட்டிக்கொள்ளும் வரை அளவைக் கூட்டி, பூட்டியதும் ஒரு படி குறையுங்கள். புது பிரேக் லைனிங் என்றால் முதல் சில நூறு மைலுக்குப் பிறகு மறுபடி சரிபாருங்கள். பிரிந்து போனால் தானே பிரேக் பிடிக்கும் பிரேக்அவே சுவிட்சின் கம்பியைப் பிக்கப்பின் சட்டத்தில் தனியாக மாட்டுங்கள், பாதுகாப்புச் சங்கிலியோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

வால் ஆட ஆரம்பித்தால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும், வேகத்தைக் கூட்டி நேராக்கவும் சிலர் பார்ப்பார்கள். இரண்டும் கூடாது. ஆக்சிலரேட்டரை விடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், கண்ட்ரோலர் கைப்பிடியை அழுத்தி ட்ரெய்லரை மட்டும் நிறுத்தப் பாருங்கள். பதற்றத்தில் கை தேடாமல் இருக்க, அந்தக் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று கிளம்பும் முன்பே இரண்டு முறை தொட்டுப் பழகுங்கள்.

பணம் செலவழிக்காமல் பேலோட் மீட்பது

பெட்டில் இருக்கும் 100 பவுண்டு பிக்கப்பின் கணக்கில் முழு நூறு. அதையே ட்ரெய்லருக்குள் அச்சுக்கு நேர் மேலே வைத்தால் கொக்கியில் அநேகமாக ஒன்றும் ஏறாது, ட்ரெய்லர் தன் வரம்புக்குள் இருக்கும்வரை. நம் மாதிரி வண்டியில் அந்த 130 பவுண்டு சாமானை நகர்த்தினாலே எந்தக் கடைச் சாமானும் தராத இடம் கிடைக்கும். ட்ரெய்லரின் பின் முனைக்கு மட்டும் தள்ளாதீர்கள்; சைக்கிள் தாங்கியைப் பின் பம்பரில் மாட்டுவது டங் வெயிட்டைக் குறைப்பதோடு ஆட்டத்தையும் கூட்டும்.

தண்ணீர் ஒரு காலனுக்கு 8.34 பவுண்டு. 40 காலன் டேங்க் நிறைந்தால் 334. டேங்க் அச்சுக்கு முன்னால் இருந்தால் டங் வெயிட் ஏறும், பின்னால் இருந்தால் குறையும். உங்கள் ட்ரெய்லரில் எங்கே இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். முகாமில் குழாய் உண்டென்றால் காலியாகவே போங்கள். ஈய பேட்டரிக்குப் பதில் லித்தியம் போட்டால் 100 ஆம்பியர்-மணி அளவில் எடை பாதிக்கும் கீழே இறங்கும். செலவு இருக்கிறது, ஆனால் மூக்கில் குறையும் ஒவ்வொரு பவுண்டும் பிக்கப்புக்கு லாபம்.

பெட் மூடி, ரப்பர் விரிப்பு, கருவிப் பெட்டி, ஏறுபடி இவற்றை ஒவ்வொன்றாக எடை போடுங்கள். எஃகு பம்பரும் வின்ச்சும் சேர்ந்தால் இருநூறு பவுண்டு போய்விடும். கூடுதல் எரிபொருள் டேங்க் 50 காலன் என்றால் பெட்ரோல் மட்டுமே முந்நூறு பவுண்டு.

எதை முதலில் வாங்குவது

கணக்கும் எடைமேடையும் முடிந்து, எல்லா எண்ணும் வரம்புக்குள் இருந்தால் மட்டும் இந்த வரிசையில் போங்கள்: சரியான அளவு எடை பகிரும் ஹிட்ச், பிரேக் கண்ட்ரோலர், நீளமான பக்கக் கண்ணாடி, எல்.டி டயர், பின் ஸ்டெபிலைசர் பார், கடைசியாகக் காற்றுப்பை. மலைப்பாதையில் அடிக்கடி போவீர்கள், உங்கள் வண்டிக்கு டோ பேக்கேஜ் (ஆலையிலேயே பொருத்தும் இழுவை வசதித் தொகுப்பு) இல்லை என்றால் கியர்பெட்டி எண்ணெய்க் கூலரை டயருக்கு முன்னே தள்ளுங்கள். கையேட்டில் ட்ரெய்லரின் முகப்புப் பரப்புக்கும் ஒரு வரம்பு இருக்கும். எட்டடி அகலப் பெட்டி காற்றை எதிர்க்கும்போது எடையைவிட அதுதான் எஞ்சினைச் சோதிக்கும்.

எண்கள் வரம்பைத் தாண்டியிருந்தால் இந்த வரிசை உங்களுக்கு இல்லை. நூறு, நூற்றைம்பது பவுண்டு தாண்டல் என்றால் சாமானை நகர்த்தியே சரிசெய்யலாம். ஐந்நூறு என்றால் சிறிய ட்ரெய்லர், இல்லையேல் முக்கால் டன் பிக்கப். அங்கேயும் மஞ்சள் ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டில் பதிவான டீசல் வண்டியில், கனமான எஞ்சினே இடத்தைத் தின்றுவிடுவதால், பேலோட் இரண்டாயிரத்துச் சொச்சம்தான் இருக்கும். அதே உடலில் பெட்ரோல் எஞ்சின் போட்டது பல நூறு பவுண்டு கூடுதலாகத் தாங்கும். பெட்டுக்குள்ளேயே ஹிட்ச் வைத்து மாட்டும் ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர் வாங்க நினைத்தால் இன்னும் கவனம்: அதன் எடையில் 15 முதல் 25 சதவீதம் பிக்கப்பின் மேல் உட்காரும். 12,000 பவுண்டு ஃபிஃப்த் வீலுக்கு 20 சதவீதம் என்றாலே 2,400. ஹிட்சும் ஆட்களும் அதற்கு மேல்.